திண்ணையும் முற்றமும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவு ஒரு வேளையிற் செரித்துவிடும். உடை சில ஆண்டுகளிற் கிழிந்துவிடும். உறையுளோ கட்டியவன் காலத்தைக் கடந்து அவன் பேரன் காலத்திலும் நிற்பது. ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யாரை மதித்தனர், யாரை மறந்தனர் என்பவற்றை அறிய விரும்புவோர், அந்நாட்டு அரண்மனைகளைக் காண்பதோடு அமையாமல் வீடுகளையும் காணுதல் வேண்டும்.

திருவண்ணாமலைக்கு வருவோர் முதலில் மலையைக் காண்பர். பின்னர் 217 அடி உயரமுள்ள இராசகோபுரத்தைக் காண்பர். அண்ணாந்து நோக்கிய கண்ணைத் தாழ்த்தி, மாடவீதிகளை அடுத்துள்ள சிறு தெருக்களைப் பார்ப்போர் சிலரே. அத்தெருக்களுள் ஒன்றில், ஓட்டுக்கூரையும் மரத்தூண்களும் உடைய ஒரு வீட்டில் நான் பிறந்தேன். பல ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி, ஓய்வு பெற்றதும் அவ்வீட்டில் இருந்தபோதே. அவ்வீடு எனக்குக் கற்பித்த பாடத்தையும், அப்பாடத்தை நான் ஒருமுறை மறந்து நின்றதையும் இங்கே கூற விரும்புகின்றேன்.

தெருவிலிருந்து தொடங்குவோம். வாயிலின் இருபுறத்தும் இரண்டு முழ உயரத்தில் திண்ணைகள் இருந்தன. தலை வைத்துப் படுப்பதற்கேற்பச் சுவரோரத்தில் ஒரு சாய்வுத் திண்டும் கட்டியிருந்தார்கள். திண்ணையின்மேல் வெயிலும் மழையும் விழாதபடி இறவாரம் தாழ்ந்திருந்தது. வாயிற்படியைக் கடந்தால் இடைகழி. அதனை எங்கள் பக்கத்தில் ரேழி என்பார்கள். இடைகழியைக் கடந்தால் முற்றம், அதன் நாற்புறமும் தாழ்வாரம், ஒருபுறம் கூடம், அப்பால் அடுக்களை, அதற்கும் அப்பால் கிணறும் முருங்கை மரமும் உள்ள கொல்லை. வாயிலில் நின்று நோக்கினால் கொல்லைக் கதவு வரையில் ஒரே நேர்கோடாகத் தெரியும்.

இப்பெயர்களிற் சில எனக்கு இலக்கணமும் கற்பித்தன. இல்லின் வாய் ஆகிய 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. இல்லின் முன்னிடமாகிய 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆயிற்று. இவ்வாறு மாறி வழங்குவனவற்றை இலக்கணப்போலி என்பர். இவ்விதியை என் பாட்டனார் எனக்குச் சொன்னபோது கரும்பலகையைத் தேடவில்லை. திண்ணையில் அமர்ந்தபடியே வாயிலையும் முன்றிலையும் கைகாட்டினார், நான் புரிந்துகொண்டேன்.

நம்மவர் கட்டடக்கலையின் பழமைக்கு நூற்சான்றுகள் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நட்ட கோலின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூல் பிடித்து அளந்து, அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தியை நக்கீரர் கூறுகின்றார். நாம் இன்று சன்னல் என்று வழங்குவது போர்த்துக்கேசியர் தந்த சொல். அவர்கள் வருமுன்னரே அதற்கு நம்மிடம் 'காலதர்' என்னும் பெயர் இருந்தது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சன்னல் எதற்காக உள்ளது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது.

நூற்சான்றோடு மண்ணின் சான்றும் இப்பொழுது கிடைத்துள்ளது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014-15 ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகளில் செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. அவ்வோடுகளில் மரச்சட்டத்தோடு பிணிப்பதற்குரிய துளைகளும், மழைநீர் வழிந்தோடுவதற்காக விரலால் இழுத்த பள்ளக் கோடுகளும் உள்ளன. அங்குக் கிடைத்த பொருள்களுட் சில கி.மு. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. பெயரறியாத ஒருவன் ஈரக் களிமண்ணில் விரலை வைத்து இழுத்த தடம் இன்றும் அழியாதிருப்பது வியப்பன்றோ!

எங்கள் வீட்டுக் கூரையில் முதலில் இருந்தவை குயவர் சுட்ட நாட்டு ஓடுகள். பின்னர் அவற்றுட் சில பகுதிகளை மாற்றிச் சீமை ஓடு போட்டார்கள். 1865-இல் பாசல் மிசன் என்னும் கிறித்தவ சபையார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையே இவ்வகை ஓட்டுக்கு வழிகாட்டி. இவ்வாறே செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் ஆத்தங்குடித் தரைக் கற்களோடு அருகருகே நிற்கும். பிற நாட்டுப் பொருளை நம் வீடு வெறுத்ததில்லை. ஓடு மாறியது, தூண் மாறியது, திண்ணையும் முற்றமும் மாறவில்லை.

முற்றத்தின் பயன் பெரிது. பகலில் வெப்பமடைந்த காற்று அதன் வழியே மேலெழும். மேலெழுந்த காற்றின் இடத்தை நிரப்பக் காலதர் வழியாகவும் வாயில் வழியாகவும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சித்திரை மாதத்து நண்பகலில் மலையின் பாறை வெப்பம் ஊரெங்கும் தகிக்கும்போதும் எங்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்கலாம். மழை பெய்தால் நாற்புறக் கூரையின் நீரும் முற்றத்தில் வந்து விழும். அண்டாக்களையும் குடங்களையும் வரிசையாக வைத்து என் தாயார் அந்நீரைப் பிடித்து வைப்பார். மீந்த நீர் கொல்லைக்குச் சென்று கிணற்றடியில் ஊறும். வீடுதோறும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே செய்ய நேர்ந்தது. சட்டம் பிறக்குமுன்பே முற்றம் அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முற்றம் நமக்கே உரியது என்று பெருமை கொள்ளுதல் பொருந்தாது. இத்தாலி நாட்டில் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தின் பெரிய வீடுகளிலும் நடுக்கூரை திறந்திருந்தது. அதன்கீழ் மழைநீர்த் தொட்டி இருந்தது. கேரளத்து நாலுகெட்டு வீட்டிலும் முற்றம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் தம் முற்ற வீட்டை நாற்சார் வீடு என்பர். சீன நாட்டுப் பெய்சிங் நகரத்து வீடுகளும் முற்றத்தைச் சூழ்ந்து எழுந்தவையே. ஆனால், பெய்சிங் வீடுகள் தெருவுக்குக் காட்டுவது வெறுஞ்சுவர். நம் வீடு தெருவுக்குத் திண்ணையைக் காட்டுகின்றது. யாழ்ப்பாணத்தார் வேலி வாயிலுக்குக் கூரை வேய்ந்து, வழிப்போக்கர் இளைப்பாற இருமருங்கும் இருக்கை அமைத்தனர். அதனைச் சங்கடப்படலை என்பர். எனவே, தமிழர் வீட்டின் சிறப்பை ஒரு தொடரில் கூறுவதாயின் இவ்வாறு கூறலாம்: வீட்டின் முற்பகுதியை ஊருக்கும் நடுப்பகுதியை வானுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதிற் குடியிருப்பது.

திண்ணையின் வரலாறு ஒருவகையில் நம் கல்வியின் வரலாறும் ஆகும். 1822-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமசு மன்றோ, நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தமையை அவருடைய 1826 ஆம் ஆண்டுக் குறிப்பு காட்டுகின்றது. நம் பக்கத்தில் இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் நடந்தமையால் திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் பெயர் பெற்றன. அங்கே குழந்தைகள் மணலில் விரலால் எழுதினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். இம்முறையைக் கண்டு வியந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், சென்னையில் தாம் மேற்பார்த்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதனைக் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் 'சென்னை முறை' பரவியது. திண்ணையில் மணலைக் கீறிய நம் சிறுவர்கள், தாம் அறியாமலே கடல் கடந்த நாட்டுக்கும் வழிகாட்டினார்கள்.

என் காலத்திற் பள்ளிகள் முறையாக அமைந்துவிட்டன. எனினும் மாலைதோறும் என் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து எனக்கு நிகண்டும் நன்னூலும் சொல்லுவார். ஒருநாள் அவர், "விருந்து என்றால் என்ன?" என்று கேட்டார். "உறவினர் வந்தால் இடும் உணவு" என்றேன். அவர் நகைத்து, "விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியத்தைப் பார். உறவினர் சுற்றத்தார், முன்பின் அறியாதவரே விருந்தினர். சுற்றத்தாருக்குக் கூடம், விருந்தினர்க்குத் திண்ணை. கதவைத் தட்டாமலே அவர் வந்து படுக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. எங்கள் நிலத்தில் உழைத்த முதியவர் ஒருவர் அறுவடைக் காலங்களில் நெல்மூட்டையோடு வருவார். வெயிலில் மூன்று கல் நடந்து வந்தவர் தெருவிலேயே நிற்பார், திண்ணையில் அமரமாட்டார். அமருமாறு எவரும் சொல்லவுமில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதன்பின் பல ஆண்டுகள் கழிந்தும் எங்கள் திண்ணை அச்சட்டத்தைக் கேள்விப்படாததுபோல் இருந்தது. விருந்துக்கு இலக்கணம் சொன்ன என் பாட்டனார் அம்முதியவரை நோக்கி ஒருநாளும் "உட்கார்" என்று சொல்லவில்லை. என் தாயாரும் பகலில் அத்திண்ணையில் அமர்ந்தவரல்லர். ஆடவர் பேசும் ஊர்ச் செய்திகளைக் கதவின் மறைவில் நின்று கேட்பார். அடுக்களைப் புகையிலிருந்து வெளிவந்து அவர் அண்ணாந்து பார்த்த வானம் முற்றத்தின் அளவே. பழைய வீட்டைப் புகழ்வோர் இவற்றையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

என் தந்தையார் இக்குறையை ஒருவாறு நீக்கினார். பாட்டனார் மறைந்தபின் வந்த அறுவடையில், நெல்மூட்டையோடு வந்த அம்முதியவரின் கையைப் பற்றித் திண்ணையில் அமர்த்தினார். தெருவில் முணுமுணுப்பு எழுந்தது, தந்தையார் பொருட்படுத்தவில்லை. கார்த்திகைத் தீபத்துக்குத் தொலைவூர்களிலிருந்து வருவோர் எவராயினும் அவர்களுக்குத் திண்ணையில் பாயும், ஒரு செம்பு நீரும், மோரும் வைத்தார். தாயார் பெரிய பானையில் சோறு வடித்தார்.

இத்தகையவரின் மகனாகிய நான் செய்ததைக் கேளுங்கள். தந்தையார் காலம் கழிந்து பல ஆண்டுகளாயின. ஊருக்கு வரும் கூட்டம் பெருகியது. முழுநிலா நாள்களில் மலைவலம் வருவோர் இலக்கக்கணக்கானோர். ஓர் இரவில் திண்ணையிலிருந்த பித்தளைக் குடம் களவு போயிற்று. வேறோர் இரவில் எவரோ குடித்துவிட்டு வந்து அசுத்தம் செய்தனர். மனம் சலித்து, கொல்லனை அழைத்து, திண்ணையை முழுதும் மூடி இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினேன். தெருவிற் பலரும் அவ்வாறே செய்திருந்தமையால் எனக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை.

அவ்வாண்டுத் தீபத்திருநாள் இரவில் நல்ல மழை. கம்பிக்கு வெளியே இறவாரத்தின்கீழ், ஒரு முழ இடத்தில், கிழவர் ஒருவரும் அவர் மனைவியும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் உள்ளிருந்து, "யார் அது?" என்று அதட்டினேன். கிழவர் கைகூப்பி, "மழை விட்டதும் போய்விடுவோம், ஐயா. இளவயதில் ஆண்டுதோறும் வந்து இந்தத் திண்ணையிலேதான் படுப்பேன். அப்போது இங்கே ஒரு பெரியவர் இருந்தார். 'எந்த ஊர், என்ன குலம்' என்று கேட்கமாட்டார், 'சாப்பிட்டாயா' என்றுதான் கேட்பார்" என்றார்.

எனக்கு நா எழவில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் உள்ளது. மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் அங்கே ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கினர் என்பது வழிவழி வரும் வரலாறு. ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமர்ந்தனர். மூன்றாமவர் வரவே மூவரும் எழுந்து நின்றனர். இடமில்லை என்று எவரும் எவரையும் விலக்கவில்லை. அவ்வாறு நெருங்கி நின்றபோதே கடவுட்காட்சி கிட்டியது. மூன்று அந்தாதிகளும் பிறந்தன. இவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் மாணவர் உள்ளம் உருகச் சொன்னவன் நான். அவ்விரவில் அதே மழையில், எட்டுப் பேர் படுக்கும் திண்ணையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு உள்ளே நின்றேன்.

சாவியைத் திருப்பும்போது என் கை நடுங்கியது. அவர்களை உள்ளே அழைத்து, உலர்ந்த துணி கொடுத்து, இருந்த உணவைப் பகிர்ந்தோம். "பெரியவரே, நீங்கள் சொன்னவர் என் தந்தையார்" என்றேன். அவர் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "தெரிந்தது, ஐயா. குரல் அப்படியே இருக்கிறது" என்றார். என் அதட்டலைத்தான் அவர் கேட்டிருந்தார். அதனை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன். மறுநாளே கொல்லனை அழைத்துக் கம்பிக் கதவைக் கழற்றினேன். விலையுயர்ந்த பொருள்களைத் திண்ணையில் வைப்பதைமட்டும் நிறுத்திக்கொண்டோம். காவலுக்கு அதுவே போதியதாயிற்று.

சில ஆண்டுகளுக்குப்பின் வீட்டின் கைமரங்களையும் உத்திரத்தையும் கறையான் அரித்துவிட்டது. என் மகள் கட்டடப் பொறியியல் கற்றவள். அவள் பரணேறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இக்கூரை இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது" என்றாள். நான் வருந்தினேன். ஊர்தோறும் பழைய வீடுகள் மறைவதை அறிவேன். நிலத்தின் விலை ஏறுகின்றது. உடன்பிறந்தார் பாகம் பிரிக்கின்றனர். வண்டி நிறுத்த இடம் வேண்டியுள்ளது. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. வீடு வீடாக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தமிழைக் காத்த உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த சென்னை வீடே 2012-இல் இடிக்கப்பட்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் உள்ள தட்சிணசித்திராவில், பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் அமைத்துக் காத்து வருகின்றனர். அது நற்பணியே. ஆயினும் அவ்வீடுகளில் இரவில் விளக்கேற்றி உறங்குவோர் இல்லை.

என் வருத்தத்தைக் கண்ட மகள், "கூரையைக் காக்க முடியாது, ஆனால் திண்ணையையும் முற்றத்தையும் காக்கலாம். அவை மரத்தால் ஆனவை அல்லவே" என்றாள். அவ்வாறே வரைபடம் வரைந்தாள். இன்று எங்கள் வீட்டுக்குக் காங்கிரீட்டுக் கூரை. முற்றம் பழைய அளவில் பாதிதான். ஆயினும் வெயிலும் மழையும் உள்ளே வருகின்றன. வண்டிக்கு ஒருபுறம் இடம் விட்டோம்; மறுபுறம் பழைய மரத்தூண்களுள் கறையான் தொடாத இரண்டை நிறுத்தித் திண்ணை கட்டினோம். எட்டுப் பேர் படுத்த இடத்தில் இப்போது நால்வர் படுக்கலாம்.

மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் என் மகள் அத்திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கின்றாள். வருவோரிடமும் போவோரிடமும் ஊர்ச் செய்தி பேசுகின்றாள். கதவின் மறைவில் நின்ற என் தாயாரை அப்போது நினைத்துக்கொள்வேன். சென்ற தீபத்திருநாளில் வழிப்போக்கர் ஐவர் தங்கினர். நால்வர் படுக்க, இடம் போதாத இளைஞன் ஒருவன் தூணிற் சாய்ந்து உறங்கினான். அவர்கள் எந்த ஊரினர் என்று நான் கேட்கவில்லை.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து வீடு கட்டுவீர்கள். அது அடுக்குமாடியில் ஓர் அறையாக இருக்கலாம்; ஓடோ மரமோ அதில் இல்லாதிருக்கலாம். அதுபற்றிக் கவலை வேண்டா. வெளியே நிற்பவர் மழையில் ஒதுங்க ஒரு சாண் இடமாவது உங்கள் வாயிலில் விடுங்கள். அங்கே ஒதுங்குபவர் இன்னார் என்று பாராதீர்கள். அவ்விடமும் அம்மனமும் உள்ள வீட்டைத் தமிழ்நாட்டு வீடு என்று நான் சொல்லுவேன்.